முன்னும் முன்னும்

முதுகு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன சமையல் மாஸ்டர் சாரநாதன், முதுகே இல்லாமல் வெளியே வந்தார். கேட்டதும் சிரிப்பு வருகிறது, இல்லையா? சிரித்துவிடுங்கள், தப்பில்லை. அவர் மனைவி கோமளவல்லியும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் பதறினாள்.

பாத்திரத்தையும் மனிதரையும் ஒரே எந்திரத்தில் போட்டுச் சீர்செய்யக் கற்றுக்கொண்ட காலத்தில், கும்பகோணத்தில் நடந்தது இது. கடைவீதியில் ஹாஜா பாய் என்பவர் ஒரு மறுவார்ப்பு நிலையம் வைத்திருந்தார். கீழ்த்தளம் பாத்திரத்துக்கு, மேல்தளம் ஆட்களுக்கு. எந்திரம் என்னவோ ஒன்றுதான், நடுவில் ஒரு லிஃப்ட்.

அந்த எந்திரம் முதலில் பொருளைப் படம் பிடிக்கும். மேல்தோலைக் காட்டுகிற போட்டோ இல்லை இது. உள்ளும் புறமும் கடுகளவு கடுகளவாகப் பிரித்து, எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று எண்ணாக எழுதிக்கொள்கிற முப்பரிமாணப் படம். அந்தப் படத்தில் பிசகு இருந்தால் கம்ப்யூட்டரில் திருத்துவார்கள். திருத்திய படத்தைக் கொடுத்ததும் எந்திரம் பொருளை இளக்கி, படத்தில் உள்ளபடி மறுபடியும் அமர்த்திவிடும். அண்டா என்றால் அண்டா இளகும். ஆள் என்றால் ஆள் இளகுவார். வலிக்காது என்று சொல்லிக்கொண்டார்கள்.

படத்தைத் திருத்துகிற வேலை ஜெசிந்தாவுடையது. பொத்தான்களை அழுத்துவது, அம்புக்குறியை இழுப்பது இதெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. கருப்புத் திரையில் ஒரே வரியில் கட்டளையை அடித்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அன்றைக்கு அவள் காலை வாரிவிட்டது.

கும்பகோணம் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். நாலு வீட்டுப் பாத்திரம் கலக்கிற கல்யாணக் கூடத்தில் எது யாருடையது என்று வேறு எப்படித் தெரியும்? நிலையத்திலும் அதே பழக்கம். பாத்திரத்தில் என்ன பெயர் வெட்டியிருக்கிறதோ, அதையே படத்துக்கும் பெயராக வைத்துவிடுவார்கள். சாரநாதன் அன்றைக்குத் தன்னுடைய நெளிந்த அண்டாக்களை எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் 'சாரநாதன்' என்று வெட்டியிருந்தது. கடைசி அண்டாவை இறக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, வளைந்தவர் வளைந்தபடியே நின்றார்.

"மாஸ்டர், நீங்களும் மேல போய்ப் படுங்க" என்றார் ஹாஜா பாய். "அண்டாவோட அண்டாவா உங்க நெளிசலையும் எடுத்துடுவோம்."

சாரநாதன் போய்ப் படுத்தார். அவருடைய படத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே? சாரநாதன் என்றே வைத்தார்கள்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். அண்டாவுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, அதனால் இரண்டு மடிப்புச் சமச்சீர். 'சாரநாதன்' என்று தொடங்குகிற எல்லாப் படத்துக்கும் அதைப் போடு என்று ஒரே வரி. தட்டினாள். டீ குடிக்கப் போனாள்.

மதியம் சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு கோமளவல்லி வந்தபோது லிஃப்ட் கதவு திறந்தது. சாரநாதன் அவளைப் பார்த்தபடி நின்றிருந்தார். லிஃப்ட்டின் பின்சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. அதிலும் அவர் அவளைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

"ஏங்க, கண்ணாடியில உங்க முகம் தெரியுதே!" என்று அவள் சிரித்தாள்.

பிறகு அடுக்கைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். இரண்டுமே அவருடைய முகம்தான், ஆனால் சோப்புப் போட்டு வெளுத்த மாதிரி மங்கலாக இருந்தன. மூக்கு பாதி உயரம். தலைமுடி இரண்டு பக்கமும் கன்னம் வரைக்கும் மெல்லிசாக வழிந்திருந்தது. இரண்டு தொந்தி, இரண்டும் பழைய தொந்தியில் பாதி. கை இரண்டுதான், கால் இரண்டுதான். ஆனால் பாதத்தில் முன்னாலும் விரல், குதிகால் இருக்க வேண்டிய இடத்திலும் விரல். இடுப்பில் வேட்டி. வேட்டிக்கு முன்பின் கிடையாது என்பது நல்லதாகப் போயிற்று.

"கோமளா" என்றன இரண்டு வாயும் சேர்ந்து.

"இங்க வாங்க."

அவர் வரப் பார்த்தார். இந்தப் பக்கத்து விரல்கள் முன்னால் போக எழும்பின. அந்தப் பக்கத்து விரல்களும் முன்னால் போகத்தான் எழும்பின. ஆகவே நின்ற இடத்திலேயே நின்றார். அவள் குரல் நான்கு காதிலும் விழுந்திருந்தது. அவளைப் பார்க்காத முகத்துக்கும் அவளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அது திரும்பியது. உடனே பார்த்துக்கொண்டிருந்த முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது. அது விடுமா? அதுவும் திரும்பியது. இப்படியே சாரநாதன் லிஃப்ட் வாசலில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். கடைசியில் கோமளவல்லிதான் ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்மா, இவரை என்ன பண்ணீங்க?"

ஜெசிந்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, சமச்சீர் போட்டுட்டேன் அக்கா."

"புரியற மாதிரி சொல்லு."

"படத்தை அப்படியே அரைச் சுத்து சுத்தி, சுத்தின படத்தையும் சுத்தாத படத்தையும் கூட்டி, ரெண்டால வகுக்கும். அண்டாவுக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதானே? ஒரு பக்கம் இருக்கிற நெளிசல் பாதியாயிடும், மிச்சத்தைப் பட்டறையில தட்டிடுவாங்க. மாஸ்டருக்கும் அதே கட்டளை விழுந்துடுச்சு. முகத்தையும் முதுகையும் கூட்டி ரெண்டு பக்கமும் பாதிப் பாதி வெச்சுடுச்சு."

"பழைய படம் இருக்குமே? அதைப் போடேன்."

ஜெசிந்தா தலையைக் குனிந்தாள். "திருத்தின படத்தைப் பழைய பேர்லயே எழுதச் சொல்லுவேன் அக்கா. இடம் அடைக்காம இருக்கட்டும்னு. பழசு மேலயே புதுசு ஏறிடுச்சு."

ஹாஜா பாய் தாடியைத் தடவிக்கொண்டே மாஸ்டரை ஒரு சுற்று சுற்றி வந்தார். சுற்றி வந்ததில் அவருக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியவில்லை, போன பக்கமே வந்த பக்கம்.

"தங்கச்சி, பதறாதீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரெண்டு அடுப்பை ஒரே நேரத்துல பாக்கலாம். இந்தப் பக்கம் சாம்பார், அந்தப் பக்கம் பாயசம். எந்த மாஸ்டருக்குக் கிடைக்கும் இந்த வசதி?"

"பாய், உங்களுக்கு வேணும்னா நீங்க போய்ப் படுங்க" என்றாள் கோமளவல்லி.

பாய் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"முதுகு வலி எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று ஜெசிந்தா ஈனக்குரலில் கேட்டாள்.

"வலிக்க முதுகு எங்கம்மா இருக்கு?" என்றன இரண்டு வாயும். "பசிக்குது. ரெண்டு வயிறும் பசிக்குது."

கோமளவல்லி பழக்கதோஷத்தில் அடுக்கைத் திறந்தாள். தயிர்சாதமும் மாவடுவும் மணத்தன. ஜெசிந்தா பாய்ந்து வந்து மூடியை அழுத்திப் பிடித்தாள்.

"வேண்டாம் அக்கா! இப்ப வார்ப்பு இளக்கமாத்தான் இருக்கு. ஒரு கவளம் உள்ள போச்சுன்னா உடம்பு இறுகிடும். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

"சாப்பிட்டா இப்படியே இருந்துடுவாரா?"

"ஆமா."

கோமளவல்லியின் கை மூடியின் மேலேயே நின்றுவிட்டது. ஜெசிந்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் என்ன நினைக்கிறாள் என்று அவளுக்கு லேசாகப் புரிந்தது, புரிந்ததும் பயமாக இருந்தது.

"பாய், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றாள் கோமளவல்லி. பாய் போனார். போகிற மாதிரி போய்க் கதவுக்குப் பின்னால் நின்றார்.

அவள் கணவரின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எங்கே போட்டாலும் முன்னால்தான்.

"முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் உங்க முதுகைத்தான் நான் வழியனுப்பியிருக்கேன். ஏதாவது கேட்டா அடுப்புப் பக்கம் திரும்பிப்பீங்க. சண்டை போட்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப்பீங்க. இப்ப எங்க திரும்புவீங்க?"

சாரநாதன் திரும்பப் பார்த்தார். இன்னொரு முகம் வந்து அவள் எதிரே நின்றது. அதே முகம்.

"பதில் சொல்லுங்க. நம்ம பொண்ணு கல்யாணத்துல நான் வெச்ச ரசத்தைக் கொட்டிட்டு நீங்க வேற ரசம் வெச்சீங்களே, ஏன்?"

"உப்பு ஜாஸ்தி" என்றன இரண்டு வாயும்.

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

பாவம், வேறு எதைப் பார்ப்பார்? நான்கு கண்ணும் தத்தளித்தன.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ரசம் அமிர்தம். பந்தியில உக்காந்தவன் எல்லாம் யாரு வெச்சதுன்னு கேப்பான். மாஸ்டர் பொண்டாட்டின்னு சொன்னா அடுத்த முகூர்த்தத்துக்கு உன்னைக் கூப்பிடுவான். அதான் கொட்டினேன்."

கதவுக்குப் பின்னால் பாய் "யா அல்லா" என்றார்.

கோமளவல்லிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டவுடன் பதில் சொல்கிற புருஷன் ஒருவர் தன் எதிரே நிற்கிறார் என்பதிலேயே அவள் மயங்கிப்போயிருந்தாள். மூடியைத் திறந்து ஒரு கவளத்தை உருட்டினாள். ஒரு வாய் ஊட்டினால் போதும், இந்த மனிதரால் வாழ்நாளுக்கும் அவளை விட்டுத் திரும்ப முடியாது. கவளம் அவர் உதட்டருகே போனது. மற்ற வாய் அந்தப் பக்கம் காற்றில் திறந்து காத்திருந்தது.

"கோமளா, எனக்குச் சாயணும்" என்றார் அவர்.

கை நின்றது.

"என்ன?"

"சாயணும். இந்தச் சுவத்துல ஒரு நிமிஷம் சாயணும். மேல ஒரு கட்டில் இருந்துச்சு, படுத்துப் பாத்தேன். எந்தப் பக்கம் படுத்தாலும் குப்புறத்தான் படுக்க வேண்டியிருக்கு. ஒரு மூக்குக்கு மூச்சு முட்டுது. பாதத்துல பாதி வேற அந்தப் பக்கம் போகணும்னே இழுக்குது, நிக்கவும் முடியல. நீ என்ன வேணாலும் கேளு, சொல்றேன். ஆனா எனக்கு முதுகு வேணும்டி."

அவள் கவளத்தைப் பார்த்தாள். அப்புறம் அதைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு எழுந்தாள்.

"ஜெசிந்தா, இவருக்கு முதுகு வேணுமாம். வழி சொல்லு."

ஜெசிந்தா நகத்தைக் கடித்தாள். "கூட்டின கணக்கு கையில இருக்கு அக்கா. முகமும் முதுகும் கூட்டினா இவ்வளவுன்னு தெரியும். எது முகம், எது முதுகுன்னுதான் தெரியல. ரெண்டுல ஒண்ணு கிடைச்சா போதும். முதுகோட வடிவம் கிடைச்சா, கணக்குலேர்ந்து அதைக் கழிச்சா மிச்சம் முகம்."

"முகத்துக்கு என்கிட்ட போட்டோ இருக்கு" என்றார் பாய், கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து. "அடையாள அட்டை நகல் வாங்கி வெச்சிருக்கோமே."

"அந்த மூஞ்சியோடவா காலம் தள்ளச் சொல்றீங்க?" என்று கோமளவல்லி சீறினாள்.

"போட்டோ தட்டையா இருக்கும், ஆகாது பாய்" என்றாள் ஜெசிந்தா. "மேடு பள்ளத்தோட வேணும். மேல்வடிவம் சரியா இருந்தா உள்ள இருக்கிறதை எந்திரம் ஊகிச்சுக்கும். மாஸ்டரோட முதுகைச் சிலையா யாராவது செஞ்சாங்கன்னா அதைப் படம் பிடிச்சிடலாம். ஆனா ஒருத்தரோட முதுகு யாருக்கு அவ்வளவு துல்லியமா ஞாபகம் இருக்கும்?"

சொல்லி முடிப்பதற்குள் கோமளவல்லி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

பட்டறையிலிருந்து வார்ப்பு மண் கொண்டுவந்தார்கள். மண் தனக்குப் பழக்கமில்லை, கோதுமை மாவு வேண்டும் என்றாள். மாவு வந்தது. புதிதாக வார்த்து வைத்திருந்த அண்டா ஒன்றைக் குப்புறப் போட்டு, அதன் மேல் ஈரத்துணியை விரித்து, பிசைந்த மாவை அப்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரவெல்லாம் தைலம் தேய்த்த கைகள் அவை, கண்ணைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். தண்டுவடம் எங்கே லேசாக இடம்பக்கம் ஒதுங்கும், எந்தத் தோள்பட்டை இன்னொன்றைவிடத் தாழ்ந்திருக்கும், எண்ணெய் தெறித்த வடு எங்கே சுருங்கும், எல்லாம் மாவில் எழுந்தது. சாரநாதன் ஒரு தூணின் ஓரத்தில் நின்று, ஒரு முகத்தால் அதைப் பார்த்தார். மற்ற முகம் "என்ன நடக்குது, என்ன நடக்குது?" என்று தவிக்க, இந்த முகமும் சேர்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் அவள் கை தயங்கியது. அங்கேதான் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு முடிச்சு. வலி குடியிருந்த இடம்.

"இதை விட்டுடட்டுமா ஜெசிந்தா? வலியில்லாத முதுகாவே செஞ்சுட்டா நல்லதில்லையா?"

"விட்டா காணாமப் போகாது அக்கா. கூட்டின கணக்குல அது இருக்கே. முதுகுல நீங்க வைக்காதது எல்லாம் முன்பக்கம் போயிடும்."

"முன்பக்கம்னா?"

ஜெசிந்தா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

கோமளவல்லி ஒரு சிட்டிகை மாவை எடுத்து உருட்டி, முடிச்சு இருந்த இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் உருட்டி வைத்தாள். ஒரு பொட்டு வலிகூட நெஞ்சுப் பக்கம் போய்விடக் கூடாது என்று, இருந்த வலியை எல்லாம் முதுகிலேயே வைத்துப் பூசினாள்.

அப்புறம் இடுப்புக்குக் கீழே குதிகால் வரைக்கும். கடைசியாகப் பின்னந்தலை. ஈர்க்குச்சியால் முடியைக் கீறி, உச்சியில் ஒரு சுழி போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். மாவைப் பார்த்தாள். "அக்கா, மாஸ்டருக்கு ரெட்டைச் சுழி இல்லையா? படத்துல பக்கத்துக்கு ரெண்டு தெரியுதே."

"எல்லாத்தையும் ரெண்டாக்கின படம்தானே அது? எல்லாம் ரெண்டாத்தான் தெரியும்."

"இல்லக்கா, அது அப்படி..."

"ஒண்ணுதான்" என்றாள் கோமளவல்லி.

ஜெசிந்தாவும் அந்த ஊரில் பிறந்தவள்தான். இரட்டைச் சுழிக்காரன் இரண்டு தாலி கட்டுவான் என்று பெண் பார்க்கிற வீட்டில் யாராவது ஒரு அத்தை காதைக் கடிப்பாள் என்பது அவளுக்கும் தெரியும். முகூர்த்தத்துக்கு ஒரு மண்டபமாகச் சுற்றுகிற மனிதரின் உச்சந்தலையில் அது இருந்தால், வீட்டில் இருக்கிறவள் எத்தனை இரவு அதைப் பார்த்துக்கொண்டே விழித்திருப்பாள் என்பதையும் ஊகித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு மாவு முதுகைப் படம் பிடித்தாள். கருப்புத் திரையில் ஒரே வரி அடித்தாள். இந்த முறை வெளிவரும் படத்துக்கு வேறு பெயர் வைத்தாள். டீ குடிக்கப் போகவில்லை.

சாரநாதனை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் மேலே போயிற்று. கோமளவல்லி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. சாரநாதன் நின்றார். கண்ணாடியில் நரைத்த ஒரு பின்னந்தலை தெரிந்தது.

ஒரே முகம், முழு மூக்கு. பழைய தொந்தி மொத்தமும் ஒரே பக்கம் வந்து சேர்ந்திருந்தது. அவர் நேரே சுவரிடம் போனார், திரும்பினார், சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாடி" என்றார், ஒரு வாயால்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"உயிர் போகுது. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

அவள் தயிர்சாதத்தை உருட்டி ஊட்டினாள். அவர் மென்றார். ஒவ்வொரு கவளத்துக்கும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. இனிமேல் இதுதான் சாரநாதன், மாற்றமில்லை. சாப்பிட்டு முடித்துக் கையால் வாயைத் துடைத்தவர், நெற்றிக்கு மேலே ஏதோ குறுகுறுத்ததைத் தடவிப் பார்த்தார். முன்நெற்றி முடி அங்கே நீர்ச்சுழல் மாதிரி சுற்றி நிமிர்ந்து நின்றது. அழுத்தினார், அது மறுபடியும் எழுந்தது.

"இது என்னடி புதுசா?"

ஜெசிந்தா அவசரமாகக் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"புதுசு இல்ல, உங்களுதுதான்" என்றாள் கோமளவல்லி. "பின்னாடி இருந்தா யார் காவல் காக்கிறது? அதான் முன்னாடி அனுப்பிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார், சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது, "ஐயோ" என்றார், அதற்கும் சிரித்தார்.

வாசலில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு வண்டி காத்திருந்தது. விடிந்தால் திருவிடைமருதூரில் முகூர்த்தம். சாரநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். கோமளவல்லி படியில் வந்து நின்றாள். இத்தனை வருஷமாக வழியனுப்பியது அவர் கொண்டுவந்த முதுகை, இன்றைக்கு வழியனுப்பப்போவது தன் கையால் செய்த முதுகை. எப்படி அமைந்திருக்கிறது, தோள்பட்டை சரியாகத் தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தாள்.

சாரநாதன் அவளைப் பார்த்தபடியே பின்னால் ஓரடி வைத்தார். அப்புறம் இன்னொரு அடி.

"மாஸ்டர், அது பின்பக்கம்! திரும்பி நடங்க!" என்று கத்தினாள் ஜெசிந்தா.

"தெரியும்மா" என்றார் அவர், நடந்துகொண்டே. ஒரு சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கினார். ஒரு நாய் எழுந்து வழிவிட்டது. வண்டியில் முதுகு இடித்து "ஐயோ" என்றார், அப்படியே பின்பக்கமாக ஏறி, அண்டாக்களுக்கு நடுவே தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். நெற்றிச் சுழி காற்றில் ஆடியது.

மதியம் முழுக்க உட்கார்ந்து செய்த அந்த முதுகை, வண்டி தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும், கோமளவல்லியால் ஒரு தடவைகூடப் பார்க்க முடியவில்லை.